இரண்டாவது முறை

மைக்கை அணைத்தது சக்கரவர்த்திதான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புதிதாக வீடுகள் எழும்பியிருக்கும் ஒரு தெருமுனையில் ஜீப் நின்றிருந்தது. காலை பதினொரு மணி. சட்டைக்குள், பெல்ட்டின் பின்பக்கம் சொருகியிருந்த சிறிய பெட்டியைக் கையால் தேடிப் பொத்தானைத் தள்ளினார். அது ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. பின்னிருக்கையில் கேமராக்காரன் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். போலீசைப் பற்றிய டிவி தொடரின் இயக்குநர் பிரகாஷ் கதவு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கவனிக்கவில்லை. படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் ஒரு தலைமைக் காவலர் இல்லை. படத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அந்த வார்த்தைகள் மட்டும் வாசலில் நிற்கும் இரண்டு பேரைத் தாண்டிப் போக வேண்டாம் என்று நினைத்தார். இருபத்தாறு வருடச் சர்வீஸில் நாற்பது வாசல்களிலாவது அவர் அதைச் சொல்லியிருப்பார்.

இறந்தவன் பெயர் அமான். முப்பத்து நான்கு வயது. ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளில் ஏசி பழுது பார்ப்பவன். செங்கம் ரோட்டில் ஒன்பது மணிக்கு வேன் இடித்தது. போன் நசுங்கிவிட்டது. லைசென்ஸில் முகவரி இருந்தது. ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தான். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

மாடி வீடு. கதவைத் திறந்தவள் அவன் மனைவி ஜாஹிரா. ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே என்ன என்று கேட்டாள். சக்கரவர்த்தி சொன்னார். அவள் கத்தவில்லை. “சரிங்க” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சிலர் அப்படித்தான். உறவுக்காரர் யாராவது வரும்வரை நிற்கலாம் என்று அவர் படியில் நின்றார்.

பிரகாஷ் பாதிப் படி ஏறி வந்தான்.

“சார், ஆடியோ வரல.”

பிரகாஷ் அவர் முதுகுப் பக்கம் கையை விட்டுப் பெட்டியை எடுத்துப் பார்த்தான். “ஆஃப் ஆயிருக்கு. ஜீப்ல உக்காரும்போது இடிச்சிருக்கும்.”

“இருக்கும்” என்றார் சக்கரவர்த்தி.

“ஒரே ஒரு தடவ சார். கதவும் சாத்தித்தான் இருக்கு. சும்மா தட்டி, அதே மாதிரி சொல்லிடுங்க.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பெட்டி எப்படி அணைந்தது என்று யாராவது இன்னொரு முறை யோசிப்பார்கள். அந்த நேரத்தில் அவர் நினைத்தது அவ்வளவுதான். பிறகு பல நாள் அதை வேறு விதமாக நினைவுபடுத்திப் பார்க்க முயன்றார். அவ்வளவுதான் இருந்தது.

மூன்று முறை தட்டினார்.

முதல் முறையைவிட வேகமாகக் கதவு திறந்தது. அந்தச் செய்தியோடு அவர் போய் நின்ற எந்த வாசலிலும் அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. கண்கள் விரிந்திருந்தன. உதடு சிரிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. என்ன இது என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தப்பான வீடு, தப்பான பெயர் என்று சொல்லத்தான் போலீஸ்காரர் திரும்ப வந்திருக்கிறார். அவள் அப்படி நினைத்துக் கதவைத் திறந்திருந்தாள்.

அவர் அதே வார்த்தைகளைச் சொன்னார்.

*

தொடர் ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. போலீசை உள்ளது உள்ளபடி காட்டுவது என்று சொன்னார்கள். கேமரா வந்த முதல் நாள் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வருகிறவர்களுக்கு நாற்காலி போடப்பட்டது. கேமரா போன பிறகும் இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் ரைட்டர் அதில் காலை நீட்டிக்கொண்டார். ஆனால் எல்லாம் அப்படி இல்லை. அடி அண்ணாமலையிலிருந்து வள்ளி என்று ஒருத்தி வந்தாள். ஆறு வருடமாகப் புருஷனிடம் அடி வாங்குகிறவள். சக்கரவர்த்தியை டிவியில் பார்த்ததாகச் சொன்னாள். “இவரு திட்ட மாட்டாருன்னு தோணுச்சு.” அன்று கேமரா இல்லை. அவர் திட்டவில்லை. கேமரா இல்லாத பழைய நாட்களில் திட்டியிருப்போமா என்று யோசித்தார். பதில் அவருக்குத் தெரிந்திருந்தது.

கார்த்திகை தீபம் முடிந்து, கூட்டத்துக்காகக் கொண்டுவந்த தடுப்புகளைத் திருப்பி அனுப்பும் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் இன்ஸ்பெக்டர் மாறன் கூப்பிட்டார். சக்கரவர்த்தி அறைக்கு வெளியே நின்று இருமினார். வேங்கிக்கால் போய் வந்ததிலிருந்து அவர் எந்தக் கதவையும் தட்டுவதில்லை.

பிரகாஷும் உள்ளே இருந்தான். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் அமான் விபத்தைப் பற்றிய பகுதியை ஒளிபரப்புகிறார்கள். அதற்கு ஜாஹிராவின் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

“அந்தப் பொண்ணு கதவு தெறக்கற ஷாட் இருக்கே சார், எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அது வராது” என்றான் பிரகாஷ். “பாத்துட்டு பத்து பேரு ஹெல்மெட் போட்டா போதும். நாங்க போனா தர மாட்டாங்க. உங்கள நம்புவாங்க.”

அவன் பொய் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தான். அதுதான் சிரமமாக இருந்தது.

“வாங்கிட்டு வந்துடுங்க சக்கரவர்த்தி” என்றார் மாறன். “நல்ல விஷயம்தானே.”

பிரகாஷ் ஒரு படிவத்தைக் கொடுத்தான். அந்தக் காட்சியைப் போனுக்கு அனுப்பினான். வீட்டில் சக்கரவர்த்தி அதைத் திறக்கவில்லை. மனைவி ரேவதி திறந்து பார்த்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயோ, எப்டி சிரிச்ச மொகமா வந்து தெறக்குது பாருங்க. ஒண்ணுமே தெரியாம.”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

“ஏங்க, இன்னா, கொழம்பு பிடிக்கலயா?”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியும்” என்றார்.

“இன்னா தெரியும்?”

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

*

மறுநாள் பத்து மணிக்குத் தனியாக வண்டியில் போனார். மாடிக் கதவு திறந்தே இருந்தது. அமானின் அக்கா பிர்தௌஸ் கூடத்தில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். உடுப்பைப் பார்த்ததும் எழுந்தாள்.

“ஜாஹிரா இத்தா இருக்கு சார். புருஷன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் துக்கம். வெளி ஆம்பளைங்க முன்னாடி வராது.”

“தெரியும்மா. நீங்களே கேட்டு சொன்னாப் போதும்.”

உள் அறைக்குப் பச்சைத் திரை போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். பிரகாஷின் வார்த்தைகளையே சொன்னார். அவருக்குச் சொந்தமாக வார்த்தைகள் வரவில்லை. பிர்தௌஸ் படிவத்தை வாங்கி, படிக்காமல் மடித்தாள்.

“எங்க தம்பி செத்தது உங்களுக்கு சீரியலா சார்?”

“அப்டி இல்லம்மா. பாக்கறவங்க ஒரு நாலு பேரு...”

“எம் புள்ள இப்ப தொழுகைக்குப் போறதுன்னாகூட ஹெல்மெட்டு மாட்டிக்கிறான். அவன் டிவி பாத்தா மாட்டினான்? அவங்க மாமன் மொகத்தப் பாத்து மாட்டினான்.” கொத்தமல்லிக் காம்புகளை ஒரு பக்கம் தள்ளினாள். “இது இத்தாவுல உக்காந்திருக்கு. மூணாம் வூட்டு ஆம்பள இது மொகத்தப் பாக்கக் கூடாது. நீங்க ஊருக்கே காட்டறேங்கறீங்க.”

“அக்கா” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அவர ஒண்ணு கேக்கணும்.”

பிர்தௌஸ் திரைப் பக்கம் திரும்பினாள்.

“சார், ரெண்டு தடவ சொல்லணும்னு உங்க ரூல்ஸா?”

சக்கரவர்த்தி தொப்பியை மடியில் வைத்திருந்தார்.

“இவங்கல்லாம் அப்டித்தான் சொல்றாங்க. போலீஸ்ல உறுதிப்படுத்தறதுக்கு ரெண்டாவது தடவ வந்து சொல்லுவாங்களாம்.”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஏற்கெனவே அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது நல்ல பதில். யாருக்கும் கெடுதல் இல்லாத பதில். கையெழுத்தும் கிடைக்கக்கூடும்.

“ரூல்ஸ் இல்லம்மா” என்றார். “மொத தடவ சொன்னது மிஷின்ல பதிவாகல. அதனால திரும்ப சொல்லச் சொன்னாங்க. பதிவாகாதது என்னாலதான். நான்தான் மைக்க நிறுத்தி வெச்சேன்.”

“ஏன்?”

“யாரும் கேக்க வேணாம்னுதான்.”

பிர்தௌஸ் அவரைப் பார்த்தாள். கையில் இருந்த கொத்தமல்லியைத் தட்டில் வைத்தாள். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. திரை சற்று உப்பி அடங்கியது. கீழ்வீட்டில் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

“அப்ப மொத தடவ சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சா?”

“ஆமாம்மா.”

“ரெண்டாவது வாட்டி தட்டினப்ப, தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கம்மான்னு சொல்ல வந்தீங்கன்னு நெனச்சேன்.”

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“உங்க மொகத்துல பாத்தேன்.”

எழுந்து போய்விடலாம் என்று அவர் நினைத்தார். படிவம் பிர்தௌஸின் மடியில் இருந்தது. அதைத் திரும்பக் கேட்க வேண்டுமா, விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்று தெரியவில்லை.

“நான் கதவு தொறக்கறது அதுல இருக்கா சார்?”

“இருக்கும்மா.”

“உங்ககிட்ட இருக்கா?”

அவர் போனை எடுத்தார்.

“வேணாம் ஜாஹிரா” என்றாள் பிர்தௌஸ். “இன்னாத்துக்கு அது? அல்லா மேல பாரத்தப் போட்டுட்டு உக்காரு.”

“நீங்க பேசறதுக்கு முன்னாடி வரைக்கும் போதும் சார். அவரு இருக்காருன்னு நெனச்சேன் இல்ல. எவ்ளோ நேரம் நெனச்சேன்னு பாக்கணும்.”

சக்கரவர்த்தி காட்சியைத் திறந்து, நிறுத்தி, போனைப் பிர்தௌஸிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு கை வந்தது. நகங்களில் மருதாணிச் சிவப்பு பாதி வளர்ந்து போயிருந்தது. பிர்தௌஸ் போனை அவர் கையிலிருந்து பிடுங்கி அந்தக் கையில் வைத்தாள்.

“நீங்க வெளிய இருங்க சார்.”

அவர் வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி வெயிலில் சுட்டது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். எதிரே, கட்டி முடிக்காத வீட்டின் தூண்களுக்கு இடையில் மலை தெரிந்தது. போன் உள்ளே இருந்தது. போன் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போக முடியாது. இன்ஸ்பெக்டர் கூப்பிடுவார், கையெழுத்து கிடைத்ததா என்று கேட்பார். கிடைத்ததா என்று அவருக்கே தெரியாது.

உள்ளே போனில் மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. பிறகு ஒன்றுமில்லை. அவர் தன் குரலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. மறுபடி மூன்று முறை தட்டும் சத்தம். தாழ்ப்பாள். அமைதி. மறுபடி.

கீழ்வீட்டுப் பெண் கரண்டியோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“யாரு சார் அது, அப்பலருந்து தட்டினே இருக்கறது? உள்ளதான் இருக்காங்க, தொறப்பாங்க.”

உள்ளே மறுபடியும் மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள்.