காவல்காரன் வாய் திறக்காத கதை

1982 மாசியில், ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே ஓடப்பள்ளம் என்ற ஊரில், மாதா கோயில் உபதேசியார் சவரியப்பன் சொன்ன கதையைக் கேட்டவர்களில் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் மறுநாள் விடிவதற்குள் காது போயிற்று. அந்த வருடம் மழை இல்லை, புண்ணாக்கு விலை ஏறியிருந்தது, ஆடுகள் அடிமாட்டு விலைக்குப் போயின. காது போனதையும் ஊர் இவற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டது.

சவரியப்பன் சாயங்காலம் களத்தில் உட்கார்ந்து கதை சொன்னால் வேதக்காரர்கள் மட்டுமல்ல, திருநீறு பூசியவர்களும் வருவார்கள். முன்னால் அர்த்தநாரி இருப்பார். மாதா கோயில் நிற்கும் இடம் அவர் வாய்வார்த்தையாகக் கொடுத்தது. அவருக்கும், இறந்துபோன தம்பியின் மனைவி சென்னியம்மாளுக்கும் பொதுவாக ஒரு கிணறு. வெள்ளிக்கிழமைத் தண்ணீர் அவளுக்கு, மற்ற நாளெல்லாம் அவருக்கு என்று அவர் அப்பா காலத்திலிருந்தே முறை. வறட்சி வந்ததும் அர்த்தநாரி வெள்ளிக்கிழமையையும் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். அவளுக்கு இருந்தது அரை ஏக்கர் மஞ்சள். அது காய்ந்தால் அவளும் மகளும் கூலிக்குப் போக வேண்டியதுதான். அவள் உபதேசியாரிடம் வந்தாள்.

“ஏனுங்க, நீங்க சொன்னா அவரு கேப்பாருங்க. கதையெல்லாம் வேண்டாங்க, நேராச் சொல்லிப்போடுங்க.”

“நேராச் சொன்னா மனுசன் கதவச் சாத்திக்குவான் அம்மணி. கதையாச் சொன்னா அவனே தனக்குத் தீர்ப்புச் சொல்லிப்போடுவான். ஆண்டவரு அதுக்குத்தான் கதையாச் சொன்னாரு.”

அவர் சொன்னது பொய்யில்லை. கோயில் இடம் கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தை மட்டும் அவர் சொல்லவில்லை.

அன்று அவர் சொன்ன கதை சின்னது. வீடு நிறையத் தண்ணீர் வைத்திருந்த ஒருவன், பக்கத்து வீட்டுக்காரியின் ஒரே பானையை எடுத்துத் தன் காலைக் கழுவினான். தெருக் காவல்காரன் பார்த்துக்கொண்டே நின்றான், வாயைத் திறக்கவில்லை. காவல்காரனை அவர் கதைக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான் சேர்த்தார். அர்த்தநாரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அவன் கால வெட்டோணுங்க!” என்று கத்தினார். அவர் மனதில் இருந்தது, அவரோடு வரப்புத் தகராறில் இருந்த குழந்தைவேலின் முகம். குழந்தைவேல் தன் மச்சானை நினைத்துக்கொண்டார். இப்படி ஆளுக்கொரு முகம். யார் யார் அடுத்தவன் முகத்தை நினைத்தார்களோ அவர்களுக்கெல்லாம் காது போயிற்று என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எல்லோரும் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டுக்கொண்டார்கள், சவரியப்பன் உட்பட.

கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கதை கேட்ட சென்னியம்மாளுக்கு மட்டும் காது கேட்டது. பானை தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். பங்குனி வரை பொறுத்துப் பார்த்தவள், ஒரு வெள்ளிக்கிழமை குடத்தோடு கிணற்றில் இறங்கினாள். அடிப்படிக்கட்டு பெயர்ந்தது. உள்ளே விழுந்தவள் பொழுது சாயும் வரை கூப்பிட்டாள். குரல் எட்டும் தூரத்தில்தான் சவரியப்பன் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் மோட்டார் போட வந்த அர்த்தநாரிதான் அவளைப் பார்த்தார்.

அடக்கத்தின்போது சவரியப்பனுக்கு அந்தக் காவல்காரன் யாரென்று விளங்கிற்று. விளங்கியதும் காது திறந்தது. முதலில் கேட்டது ஒப்பாரி இல்லை. “உபதேசியாரே, உபதேசியாரே” என்று கிணற்றுக்குள்ளிருந்து வந்த சென்னியம்மாளின் குரல். அவள் பாடையில்தான் கிடந்தாள். அவர் ஓடிப்போய் அர்த்தநாரியின் முகத்துக்கு நேரே, “அந்தத் தண்ணியத் திருடினது நீங்கதானுங்க, பாத்துட்டு நின்னது நானு” என்று தொண்டை கிழியச் சொன்னார். காது கேளாத அர்த்தநாரி தலையை ஆட்டி, விளக்கு கேட்கிறார் என்று நினைத்து, பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க ஆள் அனுப்பினார்.

அதன்பிறகு சவரியப்பன் கதை சொல்லவில்லை. கோயில் இடத்தை யாரும் கேட்கவும் இல்லை. வருடத்துக்கு ஒருவர் இருவராக ஊரில் காது திறந்தது. திறந்தவர்களுக்கெல்லாம் முதலில் கேட்டது அந்தக் குரல்தான். 1986-இல் அர்த்தநாரி வாசல் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர், கையிலிருந்த செம்பைப் போட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடினார். அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைத் தண்ணீர் சென்னியம்மாளின் அரை ஏக்கர் காட்டுக்குப் போகிறது. பாய்ச்ச மகள் இல்லை. அவள் எப்போதோ மேட்டூருக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டாள். அர்த்தநாரியே மண்வெட்டியோடு நின்று பாய்ச்சுகிறார்.

குரல் நின்றதா என்றால், நிற்கவில்லை. கிணற்றடியில் பேசுகிறவர்கள் கொஞ்சம் உரக்கப் பேசிப் பழகிக்கொண்டார்கள்.