புகை நிமிரட்டும்

புஷ்பவல்லி வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன. அறிவரசன் அவற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரியலூருக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிக்குப் பொறுப்பு அவன்தான். இன்றைய வெடியில் ஒரு டம்ளர் உருண்டாலும் நாளை முதல் கல் லாரி ஊருக்குள் நுழையாது என்று பஞ்சாயத்துத் தலைவி புஷ்பவல்லி சொல்லிவிட்டாள்.

"சுரங்கத்தை ஒட்டி இருக்கிறவன் குறட்டை வுட்டுத் தூங்குறான். மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்களுக்கு இடி. இது என்ன நியாயம் சார்?"

"அதைச் சரிபண்ணத்தாங்க உங்க வூட்டுலயே வந்து உக்காந்திருக்கேன்."

பள்ளிக்கூடத்துக்கு இடைஞ்சலில்லாமல் விடிந்ததுமே வெடிக்கச் சொன்னது ஊர்தான். சுரங்கமும் அப்படியே செய்தது. வினையே அங்கேதான் முளைத்தது. மார்கழிக் காலையில் தரையோரம் குளிர்காற்று. மேலே வெதுவெதுப்பான காற்று. சத்தம் எப்போதும் குளிர்ந்த பக்கமாக வளையும். அதனால் மேலே கிளம்பிய சத்தம், கூரையில் பட்ட பந்தாக, பக்கத்து ஊரைத் தாண்டித் தூரத்து ஊரில் வந்து விழும். வெயிலில் தரை சூடேறிவிட்டால் எல்லாம் தலைகீழ். சத்தம் வானத்தைப் பார்த்துப் போய்விடும்.

இதைக் கண்டுபிடித்த இரவு அறிவரசனுக்குத் தூக்கமே வரவில்லை. வெடியைப் பதினொரு மணிக்கு மாற்றினான். ஆனால் இன்று பார்த்துப் பனி விலகவில்லை. எதிர்வீட்டுக்காரி வேம்பு நெல் அவிக்கும் அடுப்பின் புகை, தரையோரக் குளிரில் எழும்பாமல் பாயாக விரிந்து கிடந்தது.

"நிறுத்துங்க!" என்றான் வாக்கி டாக்கியில்.

"மருந்து போட்டாச்சு, ஆளுங்க ஒதுங்கியாச்சு," என்றார் சுரங்கத்திலிருந்து போர்மேன் ராசாங்கம். "நல்ல நேரம் பாக்குறீங்களா சார்?"

"ஆமாண்ணே, புகைக்கு நல்ல நேரம்!"

வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது. "ஜோசியரைக் கூட்டியாரவா சார்?" என்றாள் வேம்பு, அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டபடி.

வெயில் சுள்ளென்று விழுந்தது. புகை நெளிந்தது, தலை தூக்கியது, பனைமரம்போல் நேராக நிமிர்ந்தது.

"இப்ப! இப்ப அடிங்கண்ணே!"

டம்ளர்களையே பார்த்தான். ஒன்றுகூட அசையவில்லை. கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டு போனது.

"எப்பத்தான் சார் வெடிப்பீங்க? நான் சோறு வடிக்கணும்," என்றாள் புஷ்பவல்லி.

"வெடிச்சாச்சுங்க!"

"கதை வுடாதீங்க."

அவன் மேற்கே கைநீட்டினான். மரங்களுக்கு மேலே வெள்ளைப் புழுதி சத்தமே இல்லாமல் எழுந்துகொண்டிருந்தது. புஷ்பவல்லி புழுதியைப் பார்த்தாள், டம்ளர்களைப் பார்த்தாள்.

"ஏ வேம்பு," என்று கத்தினாள், "லாரி வரட்டும். ஆனா உன் அடுப்புப் புகை நிமிந்தாத்தான் இனிமே வெடி!"