தூங்கியதற்கு ஒரு கடிதம்

இப்போதெல்லாம் எவனும் தன் முகத்தையே நம்புவதில்லை. கிளிக் சத்தம் அடங்குவதற்குள் ஓடிவந்து கேமராவின் முதுகைப் பார்க்கிறான். "தாடையைக் கொஞ்சம் குறைச்சிடுங்க" என்கிறான். இழைத்துக் குறைக்க நான் என்ன தச்சனா?

இந்த ஒரு வருஷத்தில் மட்டும் எத்தனை! வங்கி அதிகாரியின் வழுக்கைக்கு முடி நட்டேன். குளிர்பானத் தம்ளரில் பிளாஸ்டிக் ஐஸ் மிதக்கவிட்டேன். பல் டாக்டர் விளம்பரத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பல்வலியே வந்ததில்லை. பொய்க்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்; நானும் போகிறேன். வயிறு இருக்கிறதே.

பொய் இல்லாமல் எடுத்தது ஒன்றே ஒன்று. அது ஒருத்தியின் வேலைக்கு உலை வைத்தது.

மெத்தைக் கம்பெனி வேலை அது; அவர்கள் கட்டடத்திலேயே எடுத்தோம். தூங்குவது போல் நடிக்க வந்த பெண்ணுக்குக் கண்ணை மூடினால் இமை துடித்தது. அறுபது படம் எடுத்தும் தூக்கம் வரவில்லை, பிணம்தான் வந்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். துணி வெட்டும் பிரிவிலிருந்து ஒருத்தி உறை மாட்ட வந்தாள். கத்திரி என்று கூப்பிடுவார்கள். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், அவ்வளவுதான். வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கால் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்திருந்தது. ஒரு படம் எடுத்தேன். அவளைக் கேட்காமலே மற்ற படங்களோடு சேர்த்துக் கொடுத்தும்விட்டேன். அது என் தப்பு. வேறு யார் தலையிலும் கட்டமாட்டேன்.

விளம்பரப் பிரிவு துள்ளிக் குதித்து, ஊர் முழுக்க அவளைப் பலகையில் ஏற்றியது. நிர்வாகப் பிரிவு பலகையைப் பார்த்தது. வேலை நேரத்தில் தூங்கினாள் என்று அவளை நிறுத்திவிட்டது.

மறுநாள் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள்.

"ஏன் பெரியவரே, படம் புடிச்சீங்களா, இல்ல என்னைப் புடிச்சுக் குடுத்தீங்களா? வீட்ல ரெண்டு பிள்ளைங்க தூங்க விடாது. அங்கதான் அஞ்சு நிமிஷம் கண்ணசந்தேன்."

சட்டையை மாட்டினேன். கணக்கு வழக்கு பார்க்கும் என் மகள் குறுக்கே நின்றாள்.

"அப்பா, அடுத்த வருஷ வேலையும் அவங்கதான் தர்றாங்க. வாயை அடக்கிப் பேசுங்க."

"அடக்கினா ஏப்பம்தான் வரும்" என்றேன். கத்திரியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேலாளர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"அவங்க பிரிவுக்குச் சாப்பாட்டு இடைவேளை மத்தவங்களுக்கு அரை மணி கழிச்சுத்தான் சார். விதின்னு ஒண்ணு இருக்கு. விளம்பரம் வேற, நிர்வாகம் வேற."

"மெத்தை ஒண்ணுதானே? இதுல படுத்தா நிஜமாத் தூக்கம் வரும்னு சொல்ல உங்களுக்கு இருக்கிறதே ஒரு சாட்சி. அதையும் தொரத்திட்டீங்க. பலகைக்குக் கீழ இதையும் எழுதிடட்டுமா?"

அவர் தண்ணீர் குடித்தார். "ஒரு வழி இருக்கு. நீங்கதான் தூங்கற மாதிரி நடிக்கச் சொன்னீங்கன்னு ஒரு கடிதம் குடுங்க. அப்ப அதுவும் வேலைதான். நாளைக்கே அவங்க வரலாம்."

வருஷம் முழுக்கப் பொய்யை நிஜமாக்கிக் கொடுத்தவன், இருந்த ஒரு நிஜத்தைப் பொய் என்று எழுதித் தர வேண்டுமாம். கத்திரியைப் பார்த்தேன்.

"எழுதிக் குடுங்க பெரியவரே. உண்மையை வச்சு நான் என்ன, உறையா தைக்கப் போறேன்?"

ஐந்தாம் வகுப்பு எழுத்தில் எழுதினேன். 'நடி' என்று எழுதக் கை மறுத்தது. 'நான்தான் தூங்கச் சொன்னேன், நன்றாகத் தூங்கினாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நடிக்கச் சொன்னேன்னு போடலையே?" என்றார் மேலாளர்.

"இதுக்கு மேல ஒரு எழுத்து வராது. வேணும்னா அடுத்த வருஷம் வேற ஆளைப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினார். கத்திரி அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் மனசு மாறுவதற்குள் என்று போய்விட்டாள்.

"பாத்தீங்களா சார், எல்லாருக்கும் நல்லபடியா முடிஞ்சுது" என்று மேலாளர் சிரித்தார்.

நல்லபடியாம்! தானாகத் தூங்கினவள், சொல்லித்தான் தூங்கினாள் என்று ஆனால்தான் அவளுக்குச் சோறு. இதில் நல்லது எந்த மூலையில் இருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை. அவர் கதவின் ஒரு பாதியை எனக்காகத் திறந்து பிடித்தார். நான் மறுபாதியைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.