பனிமூட்டத்தில் ஒரு சுற்று

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை அப்படியே ஓடவிட இப்போதெல்லாம் ஒருவருக்கும் மனசு வருவதில்லை. குழாய் என்றால் திருகினால் தண்ணீர் வர வேண்டும். இப்போது அதன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு பிச்சைக்கு நிற்பதுபோல் நிற்க வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷமாக நிழலில் இருந்த பேருந்து நிறுத்தத்தைப் பெயர்த்து வெயிலில் நட்டுவிட்டு, உங்கள் வசதிக்காக என்று எழுதி ஒட்டுகிறார்கள். முன்பெல்லாம் தப்பு செய்தவன் ஆளைக் கண்டால் சந்துக்குள் நுழைந்துவிடுவான். இப்போது அவன்தான் முதலில் வந்து கை கொடுக்கிறான்.

கிரேன்காரர் இதையெல்லாம் காலையிலிருந்து தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. வாயில் நான்கு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, யாருடையதோ ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். கீழே சலவைக்கடை. அங்கே துணி துவைக்கும் இயந்திரம் வேகமெடுக்கும்போதெல்லாம் மாடியில் இவர்கள் அறையின் தரை அதிரும். மேசைமேல் கத்தரிக்கோல் தானாக ஒரு விரற்கடை நகரும். இன்று அந்த மேசையில் பாதி இடத்தை ஒரு பழைய கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் திரையில் ஒரு நீலக்கோடு காலை ஒன்பது மணியிலிருந்து எறும்புபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. அது கடைசிவரை போனால்தான் விளையாட்டு திறக்கும்.

விஷயம் இதுதான். அந்த விளையாட்டில் கிரேன்காரருக்கு ஒரு படகு இருந்தது. காலையில் அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. விளையாட்டின் உலகம் முழுவதும் மாற்றப்பட்டுச் சில மாதமாகிவிட்டதாம். பழைய படகு வைத்திருப்பவர்கள் இன்று மாலை ஆறு மணிக்குள் புதிய துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டுமாம். கட்டாத படகுகள் கலைக்கப்படுமாம். செய்தி அக்காவுக்கு ஏன் வந்தது என்றால், பதினேழு வருஷத்துக்கு முன் அதில் சேரும்போது போன் நம்பர் கேட்டார்கள். முன்பின் தெரியாதவர்களுக்குத் தன் நம்பரைக் கொடுக்க இவருக்கு இஷ்டமில்லை. அக்காவின் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

கலைத்தால் கலைக்கட்டும் என்றுதான் முதலில் சொன்னார். கால்மணி நேரம் கழித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தார். கம்ப்யூட்டர் ஆறு வருஷமாக அதற்குள்தான் கிடந்தது.

அவர் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கீழே ஒருவன் கை காட்டுவான். இரைச்சலில் வாய் சொல்வது எதுவும் மேலே வராது. தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் கைதான். கையை மட்டுமே நம்பிப் பழகியதால் பேசுகிறவர்கள் மேல் அவருக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். ஒருநாள் இரும்பு வடத்தில் வலது கை சிக்கியது. கை மிஞ்சியது, மோதிர விரல் மட்டும் மடங்காமல் கட்டைபோல் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. மற்றவர்கள் அதில் பூதத்தோடு சண்டை போட்டார்கள், பொன்னில் கவசம் போட்டார்கள். அதற்கெல்லாம் படிக்க வேண்டும். இவர் மூன்றாம் வகுப்பு. திரையில் எழுத்துகள் விறுவிறுவென்று ஏறிப்போகும். இவர் ஒரு வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் பேசியவன் போயே போயிருப்பான். ஆகவே ஒரு ஆற்றங்கரையில் உட்கார்ந்தார். மரம் வெட்டி, பலகை அறுத்து, ஆணி அடித்து, நான்கு வருஷத்தில் ஒரு படகு கட்டினார். முப்பத்தொரு வருஷம் ஊரார் சரக்கைத் தூக்கி இறக்கியவருக்கு, தன்னுடையது என்று சொல்ல அதுதான் முதல் பொருள். பிறகு ஏழு வருஷம் அக்கரை இக்கரை என்று ஆட்களைக் கொண்டுபோய் விட்டார்.

யார் என்ன எழுதிக் கேட்டாலும் பதில் எழுத வராது. லாந்தரைத் தூக்கிக் காட்டினார். ஒரு தடவை தூக்கினால் ஏறு. இரண்டு தடவை என்றால் இடமில்லை. மூன்று என்றால் அசையாதே, ஆபத்து. அதில் ஒரே ஒரு கோளாறு. லாந்தர் தூக்கும் பொத்தானை அழுத்தும்போது மடங்காத விரல் பக்கத்துப் பொத்தான்மேல் விழுந்துவிடும். விழுந்தால் திரைக்குள் இருக்கும் அவருடைய ஆள் நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுவான். லாந்தரைத் தூக்குவான், பம்பரம்போல் ஒரு சுற்று சுற்றுவான். ஏறுகிறவர்கள் சிரித்தார்கள். எத்தனையோ முயன்றும் அதை நிறுத்த முடியவில்லை. ஏழு வருஷமும் சுற்றிக்கொண்டேதான் படகு ஓட்டினார்.

நிறுத்தியது வேறொரு ஆள். சித்தப்பா என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் தினமும் படகில் வந்தவன். ஆற்றில் கீழே போனால் நல்ல துறை இருக்கிறது என்று வழிகாட்டிக் கூட்டிப்போய்ப் பாறையில் மோதவிட்டு, கூட்டாளிகளோடு படகில் இருந்த சரக்கையெல்லாம் எடுத்துக்கொண்டான். போகும்போது என்னவோ எழுதிவிட்டுப் போனான். அதை மட்டும் கிரேன்காரர் பொறுமையாகக் கூட்டிப் படித்தார். படகைப் பழைய இடத்துக்கு இழுத்து வந்து ஒரு மரத்தில் கட்டினார். கம்ப்யூட்டரை அணைத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நீலக்கோடு நிறைந்தது. முதலில் பெயர் கேட்டது. பழைய பெயர்கள் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டனவாம். அக்கா குண்டூசிகளைத் துணியில் குத்திவிட்டு ஏதோ ஒரு பெயரைத் தட்டினாள். அடுத்து ஒரு எச்சரிக்கை. பனிமூட்டத்தில் தெரிகிற எல்லா விளக்கையும் நம்பிவிட வேண்டாம் என்று படித்துச் சொன்னாள்.

"இதைச் சொல்றதுக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வச்சிருக்கான் பாரு" என்றார்.

திரை விடிந்தது. கிரேன்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறு இல்லை. இக்கரை இல்லை, அக்கரை இல்லை. படகு அங்கேதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல். பள்ளத்தாக்கு முழுவதையும் தண்ணீர் விட்டு நிரப்பியிருந்தார்கள். குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள், ஆழத்தில், அவர் படகைக் கட்டியிருந்த மரம் நின்றது. அதன் இலைகள் உதிரவில்லை. காற்றில் அசைவதுபோல் நீரோட்டத்தில் ஒன்றாக ஒரு பக்கம் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தன. மரத்துக்கு அந்தப்பக்கம் படித்துறை, அதற்கும் கீழே அவர் ஏழு வருஷம் நடந்த பாதை. அதன் மேல் வெள்ளி மீன்கள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன.

"யாருடா இதையெல்லாம் உட்கார்ந்து செஞ்சது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். கையில் கால்சட்டை அப்படியே நின்றது.

"வேலை இல்லாதவன்" என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

கயிற்றை அவிழ்த்தார். துறைமுகம் கிழக்கே என்று திரையின் மூலையில் ஒரு அம்பு காட்டியது. பத்து நிமிஷம் அம்பு இருந்தது. பிறகு பனிமூட்டம் வந்தது. வந்ததும் அம்பு மறைந்துவிட்டது. எழுத்து மறைந்தது, வானம் மறைந்தது, படகின் முன்முனை மறைந்தது. மணி ஐந்தரை. பக்கத்தில் எங்கோ பாறையில் தண்ணீர் அறைகிற சத்தம் மட்டும் கேட்டது. படகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே தெரியவில்லை.

அப்போது இரண்டு விளக்குகள் தெரிந்தன.

இடது பக்கம் ஒன்று. பெரியது, மஞ்சளாக, நிதானமாக மேலே போய்க் கீழே வந்து, வா வா என்றது. வலது பக்கம் ஒன்று; சின்னது, அழுக்கானது. அது மேலே போனது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

அக்கா பெரியதைக் காட்டினாள். அந்தச் சின்னது ஃபியூஸ் போகிற நிலையில் இருக்கிறது, அதை நம்பிப் போகாதே என்றாள். கிரேன்காரருக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை இல்லை. வழி காட்டுகிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு அதில் ஒரு லாபம் இருக்கும். கேட்காமலே கூப்பிடுகிற பெரிய விளக்கைப் பார்த்தால் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. அப்படியே நிற்கலாம் என்றால் பாறைச் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. ஆறு மணியும் வந்துகொண்டிருந்தது.

சின்ன விளக்கு மறுபடி மேலே போனது. அணைந்தது. எரிந்தது.

கிரேன்காரர் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார். முப்பத்தொரு வருஷம் உயரத்திலிருந்து கையைப் பார்த்த கண். அது அணையவில்லை. எவனோ ஒருவன் லாந்தரைத் தூக்கிவிட்டு, நின்ற இடத்தில் ஒரு சுற்று சுற்றுகிறான். அவன் முதுகு மறைக்கும்போது வெளிச்சம் போகிறது, திரும்பும்போது வருகிறது.

"அக்கா" என்றார். "அது என் விரல்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய விரலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அவர் விளக்கம் சொல்லவில்லை. லாந்தர் பொத்தானை அழுத்தினார். மடங்காத விரல் தன் வழக்கப்படி பக்கத்தில் விழுந்தது. அவருடைய ஆள் ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு சுற்று சுற்றினான். உடனே சின்ன விளக்கு பதில் சொன்னது. ஒரு தடவை தூக்கி, ஒரு சுற்று. வா. இவர் படகைத் திருப்பினார். பாதி தூரத்தில் அது மூன்று தடவை தூக்கியது; இவர் சட்டென்று நிறுத்தினார். படகின் விலாவை உரசாத குறையாகக் கறுப்பாக ஒரு பாறை நழுவிப் போனது. பின்னால் திரும்பிப் பார்த்தபோது, அந்தப் பெரிய மஞ்சள் விளக்கு பனிக்குள்ளிருந்து எழும்பியது. அதற்குக் கீழே வீடு அகலத்துக்கு ஒரு வாய் இருந்தது.

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். தான் காட்டிய விளக்கு அது என்பதை ஞாபகப்படுத்த வேண்டாம் என்பதுபோல் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் படகைத் துறைமுகத்தில் கட்டினார். படகு தங்கியது.

சின்ன விளக்கைப் பிடித்தவள் கரையில் நின்றாள். கோணல்தொப்பி என்று தலைக்கு மேல் பெயர் எழுதியிருந்தது. அவள் எழுதியதையெல்லாம் அக்கா படித்தாள். புதிதாக வந்தவரானாலும் சுற்றத் தெரிந்திருக்கிறதே, யார் சொல்லிக்கொடுத்தது என்று கோணல்தொப்பி கேட்டாள். பனிமூட்டத்தில் எழுத்து தெரியாததால் இங்கே எல்லோருக்கும் லாந்தர்தான் பாஷையாம். பொய் விளக்கு காட்டுகிற மீனுக்கு விளக்கை மறைக்க முதுகு கிடையாது, அதனால் சுற்றினால்தான் மனுஷன் என்று அர்த்தமாம். பழைய ஆற்றில் ஒரு படகோட்டி இருந்தாராம்; அவரிடமிருந்து வந்ததாம். அவர் ஊமை என்று சிலர் சொல்கிறார்களாம். முதுகுக்குப் பின்னால் கத்தி இல்லை என்று காட்டத்தான் சுற்றினார் என்பது கோணல்தொப்பியின் அபிப்பிராயம். பேசியது போதும், மேலே ஏறிப் பாருங்கள் என்றாள்.

கலங்கரை விளக்கத்தின் படிகளில் அவருடைய ஆள் ஏறினான். ஏறி முடித்ததும் கிரேன்காரர் கண்ணாலேயே அளந்துவிட்டார். நாற்பது மீட்டர்.

கீழே பனி ஒரு வெள்ளைத் தரையாகக் கிடந்தது. அதற்குள் விளக்குகள். பத்து, நூறு, எண்ண முடியாத அளவுக்கு, கடலின் அந்த விளிம்பு வரைக்கும். ஆறு மணிக்குள் வந்து சேர வேண்டிய பழைய படகுகள். அவற்றை அழைத்துவரப் போனவர்கள். ஒரு விளக்கு உயர்ந்து, மறைந்து, எரியும். அடுத்தது அதை வாங்கிக்கொண்டு உயரும், மறையும், எரியும். ஒரு மூலையில் புறப்பட்ட சைகை கடல் முழுவதும் ஓடிப் போய்த் திரும்பி வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தறியாத அத்தனை பேர், பனியில் வழி தவறியவனுக்காக லாந்தரைத் தூக்கி, எந்தக் காரணமும் தெரியாமல், அவர் விரல் செய்த கோணங்கித்தனத்தைச் சிரத்தையாகச் செய்துகொண்டிருந்தார்கள். முப்பத்தொரு வருஷம் அவர் மேலிருந்து பார்த்தது ஒரே ஒரு கையை.

அக்கா போட்டுவந்த தேநீரில் ஆடை படிந்தது. சலவைக்கடை இயந்திரம் ஓடி நின்றது.

அக்கா மெல்லக் கேட்டாள். "நீதான்னு எழுதட்டுமாடா?"

"என்னன்னு எழுதுவே? விரல் மடங்கலைன்னா?"

"உள்ளதை எழுதுறதுக்கு என்ன?"

"நம்ப மாட்டா. நம்பிட்டா அதைவிடத் தொல்லை. நாளைக்கே நூறு பேர் வந்து நிப்பான்."

எழுதப்போன அவள் கையைப் பிடித்து மேசையில் வைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆறு மணியாயிற்று. கடைசிப் படகுகள் கரையேறின; அப்போதும் சில விளக்குகள் யாரையோ தேடிப் பனிக்குள் திரும்பிப் போயின. அதைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாம் சரி. திருடனுக்கும் முதுகு இருக்குல்ல? எத்தனை நாளைக்கு? அவனும் சுத்தக் கத்துக்குவான்."

"இத்தனை பேரைப் பார்த்த பிறகுமாடா?"

"இத்தனை பேர் ஒரே மாதிரி செய்யுறாங்களே, அதான் எனக்கு உறுத்துது. அப்புறம், அந்தத் துறைமுகத்தைப் பார்த்தியா? பாரம் இறக்க ஒரு கிரேன் கிடையாது. என்னத்தைக் கட்டினானுங்களோ."

செருப்பை மாட்டிக்கொண்டார். அக்கா திரையை அணைக்கப் போனாள். அணைக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படி இறங்கித் தெருவுக்குப் போனார்.