சுனாக்கரியின் அறுபத்து மூன்றாம் நாள்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு பாவுஜு போன் செய்தபோது, ஜுனு குருங் கல்லூரி மொட்டைமாடியில் இருந்த ஆன்டெனா அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தசைன் பண்டிகை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் பாதிப் பேர் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. ஆறு பேர் மூன்று வருடம் உழைத்துக் கட்டிய ரொட்டிப் பாக்கெட் அளவு செயற்கைக்கோள் சுனாக்கரி, மேலே போன ஒன்பதாவது வாரத்திலேயே சாகக் கிடந்தது. யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஜுனுதான் வந்திருந்தாள்.

"நானி, உனக்கு மீன் காயப்போட்டு அனுப்பவா?" என்றாள் பாவுஜு. கத்தாரில் வேலை பார்க்கும் அண்ணனின் மனைவி; ஜுனுவைச் செல்லமாக நானி என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பிள்ளைகளோடு சிம்ரே கிராமத்தில் இருக்கிறாள். "மழை விட்டு வெயிலடிக்குது, ஆனா ஆத்துல தண்ணியே இல்ல. முழங்காலுக்குக் கீழ. பசங்க வெறுங்கையால மீன் புடிக்குதுங்க. ஊரே ஆத்துக்குள்ளதான் நிக்குது, கல்யாண வீடு மாதிரி."

நேற்றுவரை மூன்று நாள் அந்தப் பக்கம் விடாத மழை என்று ஜுனுவுக்குத் தெரியும். ஆறு பெருகியிருக்க வேண்டும்.

"எப்பலேர்ந்து, பாவுஜு?"

"விடியக்காலம் மேல எங்கயோ இடி மாதிரி சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான்."

"பசங்கள வெளிய கூப்பிடு. இப்பவே."

"உனக்கென்ன ஆச்சு? அவங்க வந்தாத்தானே."

ஜுனு சிம்ரேயின் வார்டு தலைவர் தில்பகதூரை அழைத்தாள். மேலே மலை சரிந்து ஆற்றை அடைத்திருக்கலாம், தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தால் ஊர் மிஞ்சாது என்றாள். அவர் சிரித்தார்.

"காத்மாண்டுல உக்காந்துகிட்டு எங்க ஆத்துக்கு ஜோசியம் சொல்றியாம்மா? மேல கரண்டு கம்பெனிக்காரன் தண்ணிய அடைச்சிருப்பான். போன மாசமும் அடைச்சான்."

அதுவும் நடக்கக்கூடியதுதான். மாவட்ட அலுவலகத்தில் போனை எடுத்தவன் சனிக்கிழமை வார விடுமுறை என்றான். அந்தப் பள்ளத்தாக்குக்கு ஆளை அனுப்பிப் பார்க்க ஒரு நாள் ஆகும்.

சுனாக்கரி பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தலைக்கு மேலே வரும். அதன் வயிற்றில் ஒரு கேமரா இருந்தது. ஆனால் பேட்டரி நாளுக்கு நாள் வடிந்துகொண்டே போனதால், கேமராவைத் தொடவே கூடாது என்று குழுவை நடத்தும் பேராசிரியர் உப்ரேதி சார் உத்தரவு போட்டிருந்தார். வரும் வெள்ளிக்கிழமை வெளிநாட்டு நிபுணர்கள் இணையத்தில் வந்து வழி சொல்வார்கள். அதுவரை அது தூங்க வேண்டும். அப்படித் தூங்கினால் இன்னும் ஒரு வருடம்கூடப் பிழைக்கலாம்.

ஜுனு அவரை அழைத்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து, குளித்த தலை துவட்டாமல், செருப்போடு ஓடிவந்தார். ஐம்பது வயதுக்காரர், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரையில் தெரிந்த பேட்டரி எண்ணையே பார்த்தார்.

"கேமராவப் போட்டா செத்துரும், ஜுனு."

"தெரியும் சார்."

"படம் முழுசா எறங்குறதுக்கு முன்னாடியே செத்துடுச்சுன்னா? ரெண்டுக்கும் இல்லாமப் போயிரும்."

"அதுவும் தெரியும் சார்."

பத்து பன்னிரண்டுக்கு ஒலிபெருக்கியில் சுனாக்கரியின் கீச்சுக் குரல் கேட்டது. வானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக அதற்குப் பத்து நிமிடம். ஒரு நிமிடம் போயிற்று. ஜுனு கட்டளையைத் தட்டச்சு செய்து வைத்தாள். இது வெறும் பயமாக இருந்தால்? கம்பெனிக்காரன்தான் தண்ணீரை அடைத்திருக்கிறான் என்றால், ஆறு பேரின் மூன்று வருடத்தைத் தன் கையால் கொன்றவள் ஆவாள்.

"என் வாயால அனுப்புன்னு சொல்ல மாட்டேன்," என்றார் உப்ரேதி சார் கடைசியில். "ஆனா தடுக்கவும் மாட்டேன்."

அவள் கட்டளையை அனுப்பினாள்.

படம் பட்டை பட்டையாக இறங்கியது. மொத்தம் நாற்பது பட்டை. பனிச்சிகரங்கள் வந்தன, பிறகு பழுப்பு மலைகள். பதினேழாவது பட்டையோடு சுனாக்கரி தெற்கே மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சிம்ரேக்கு மேலே உள்ள மலையிடுக்கு இன்னும் வரவில்லை. பேட்டரி எண் இதுவரை பார்க்காத ஆழத்தில் இருந்தது. அடுத்த முறை அது வர எண்பத்து மூன்று நிமிடம் ஆகும். வந்தால்.

ஜுனு மறுபடி பாவுஜுவை அழைத்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவளிடம் கத்தினாள். "அடிச்சாவது இழுத்துட்டு வா. பசங்களோட மேல பள்ளிக்கூடத்துக்குப் போ. நான் சொன்னது பொய்யாப் போனா அடுத்த தசைனுக்கு நான் ஊர்ப்பக்கமே வரல." "சரி நானி, போறேன்," என்றாள் பாவுஜு. அந்தக் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

எண்பத்து மூன்று நிமிடமும் உப்ரேதி சார் நின்றுகொண்டே இருந்தார். யாரோ கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது. எங்கே தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டாலும் ஜுனு எழுந்து நின்றாள்.

பதினொன்றே முக்காலுக்குக் குரல் வந்தது. மிக மெலிதாக, விட்டு விட்டு. பதினெட்டு. பத்தொன்பது. இருபது வந்து பாதியில் நின்று, மறுபடி வந்தது. இருபத்து நான்காவது பட்டையில் வெள்ளை நூல்போல ஆறு தெரிந்தது. இருபத்தைந்தில் அந்த நூல் ஓரிடத்தில் தடித்து, அரிசிமணி போல ஒரு கறுப்புப் புள்ளியாகி, அதற்குக் கீழே இல்லாமலே போயிருந்தது. புள்ளியை ஒட்டி மலையின் ஒரு பக்கம் உரித்தது போல வெளுத்திருந்தது.

அங்கே ஏரி எதுவும் கிடையாது. அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு இப்போது தண்ணீர் நின்றது.

இருபத்தாறாவது பட்டை பாதி வந்தது. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்.

"போச்சு," என்றார் உப்ரேதி சார். உடனே, "அந்த வார்டு தலைவருக்கு அனுப்பு, சீக்கிரம். போன மாசம் அதே இடத்த எடுத்த பழைய படத்தையும் சேத்து அனுப்பு," என்றார்.

தில்பகதூருக்குப் படம் புரிய மூன்று நிமிடம் ஆயிற்று. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மேலே கம்பெனியில் கேட்டார். அவர்களும் காலையிலிருந்து தண்ணீர் வராமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார்.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்குப் பாவுஜுவின் போன் அணைந்தது. தில்பகதூரின் போனும் அப்படியே. சிம்ரேயில் எந்த எண்ணும் அடிக்கவில்லை. ஜுனு மொட்டைமாடித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் கத்தாரிலிருந்து அழைத்தபோது அவளால் எடுக்க முடியவில்லை. என்ன சொல்வாள்? தான் அதட்டியதற்குப் பயந்து பாவுஜு பள்ளிக்கூடம் போயிருப்பாள், பிறகு அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்து கீழே இறங்கியிருப்பாளோ என்று யோசித்தாள். சின்னவன் மீன் வாளியை விட்டுவிட்டு வந்திருப்பானா என்றும் யோசித்தாள். உப்ரேதி சார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நானி," என்றாள் பாவுஜு. பின்னால் ஆடுகளும் குழந்தைகளும் கத்தும் சத்தம். "நாங்க பள்ளிக்கூடத்துலதான் இருக்கோம். போன் டவர் சாஞ்சிருச்சு, கரண்டும் போச்சு, போனும் போச்சு. பாலம் இல்ல. நம்ம வீடும் இல்ல. தண்ணி வந்த மாதிரியே இல்ல, காடே நடந்து வந்த மாதிரி வந்துச்சு. மில்லுக்காரர் கர்ணசிங் மோட்டாரக் கழட்டப் போறேன்னு எறங்குனாரு. தலைவர் கையப் புடிச்சு இழுத்தாரு. ஒதறிட்டுப் போயிட்டாரு."

"வேற யாரும்?"

"எண்ணிட்டாங்க. வேற எல்லாரும் இருக்கோம்."

ஜுனுவால் வாய் திறந்து அழ முடியவில்லை. பற்கள் மட்டும் தந்தியடித்துக்கொண்டிருந்தன. உப்ரேதி சார் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர்கள் ஆன்டெனாவைத் திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நிபுணர் ஒருவர், அறுபத்து மூன்றாம் நாள் கேமராவை இயக்கியது யார் என்று கேட்டார். ஜுனு கையைத் தூக்குவதற்குள் உப்ரேதி சார், "நாங்க ரெண்டு பேரும்தான்," என்றார்.