சாட்சிக்கு விட்ட வரிசை

இலையைத் திருப்பிப் பார்த்ததுமே சிஐடிக்குத் தங்கை மாப்பிள்ளையின் முகம்தான் ஞாபகம் வந்தது. கிண்ணம்போல மேல்நோக்கிச் சுருண்ட பருத்தி இலை, அடியில் தடித்த நரம்பு. சந்தேகமே இல்லை, இலைச்சுருள் நோய்தான். "இந்த விதைக்கு அந்த நோய் வராது மச்சான், எழுதியே தர்றேன்" என்று சொல்லித்தான் விதைக்கடை வைத்திருக்கிற அந்தத் தங்கை புருஷன் விற்றார். இரண்டு வருடம் வரவும் இல்லை. இப்போது வந்திருக்கிறதென்றால் பையில் இருந்தது அந்த விதையே இல்லை. வேறென்ன?

அவர் வெறும் பருத்தி விவசாயிதான். சிஐடி என்பது ஊர் வைத்த பட்டம். பால் வெள்ளை என்றால் யார் சொன்னது என்று கேட்கிற ஆள். தங்கை கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு ஆட்களைப் பந்தியில் இரண்டு முறை எண்ணி, இரண்டு பேர் யாருக்குமே சொந்தமில்லை என்று கண்டுபிடித்தார். பதினோரு வருடமாகியும் அந்த இருவர் யாரென்று அவர் மனசு ஆறவில்லை.

விவசாய அலுவலகத்தில் புகார் கொடுத்தார். சோதனை முடிவு வரும்வரை விதைக்கடைக்குப் பூட்டு. அன்று மாலை தங்கை வந்தாள், வாசற்படி ஏறவில்லை.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே. அந்தக் கடையாலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது."

"உன் புருஷன் யோக்கியன்னா எதுக்குப் பயப்படுற?"

அவள் திரும்பி நடந்தாள். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனாலும் அந்த நடையில் எதையாவது மறைக்கிறாளா என்று தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பதினைந்தாம் நாள், விதையையும் இலையையும் சோதித்த ஆய்வுக்கூடத்து அம்மாள் வயலுக்கே வந்தார். பக்கத்து வயல் மாப்பிள்ளையுடையது. வண்டிச் சத்தம் கேட்டு தங்கை வரப்போரம் வந்து நின்றாள். அவள் பக்கத்துச் செடிகளும் சுருண்டிருந்தன.

"விதை சரியானதுதான் சார். நோய்தான் மாறிடுச்சு. இந்த விதை தாங்குற வைரஸ் உங்க இலையில இல்ல. ரெண்டு பழைய வைரஸ் ஒரே செடிக்குள்ள சேர்ந்து, இதுல பாதி அதுல பாதின்னு புதுசா ஒண்ணு கிளம்பியிருக்கு."

சிஐடி கண்ணை இடுக்கினார். இந்த அம்மாள் காலையில் யார் வீட்டில் காப்பி குடித்தாளோ!

"அது ஒரே நாள்ல நடக்காது. அறுவடைக்கப்புறமும் பச்சையா நின்ன செடி வேணும், வைரஸைப் பரப்புற வெள்ளை ஈ தங்க. பழைய செடி எங்கயாவது விட்டீங்களா?"

அவர் கண் தானாக எல்லைப் பக்கம் போனது. வரப்போரம் ஆளுயரத்துக்குப் பழைய பருத்திச் செடி ஒரு வரிசை நின்றது. இரண்டு வருடம் முன்பு எல்லாச் செடியையும் பிடுங்கியவர், எல்லையோரத்தை மட்டும் விட்டார். எல்லைக்கல்லை மாப்பிள்ளை நகர்த்திவிடலாம், வேர்விட்ட செடியை நகர்த்த முடியுமா, சாட்சிக்கு நிற்கட்டும் என்று தங்கையிடமே சொன்னார். "வெட்டிடுண்ணே, பூச்சி அடையும்" என்று தங்கை அப்போதே சொன்னாள். அவளைச் சொல்லச் சொன்னது யார் என்றுதான் அன்றைக்கு யோசித்தார்.

அம்மாள் ஒரு கிளையை உலுக்கினார். சாம்பலை ஊதினாற்போல வெள்ளை ஈக்கள் எழும்பின.

"இங்கருந்துதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். சோதிச்சாத்தான் தெரியும். யார் செடி இது?"

"எங்களது இல்ல" என்றாள் தங்கை. அப்புறம், அவரைப் பார்க்காமல், மெதுவாக, "சாட்சி வேணும்னியேண்ணே."

அம்மாள் நாலு இலையைப் பறித்துக் கவரில் போட்டு, பேனாவோடு அவரிடம் நீட்டினார்.

"செடி யாருதோ அவங்க பேர எழுதிக் குடுங்க."

கவரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். எழுத வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை ஈ வந்து உட்கார்ந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் தங்கை நின்றுகொண்டிருந்தாள். ஈ பறக்கட்டும் என்பதுபோல, பேனாவை மூடாமல், அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.