மெல்லிய குரலுக்கு ஒரு நிமிடம்

முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக உழைத்து ஓய்வுபெற்றவருக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கை பரபரக்கும். அதற்கு வடிகாலாக வந்ததுதான் ஹாம் ரேடியோ, காற்றலையில் ஊர் ஊராகப் பேசுகிற பொழுதுபோக்கு. டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, சுருட்டி வைத்த கம்பி. ஞாயிறு காலையானால் மூன்றையும் தோள்பையில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு மேட்டுக்குக் கிளம்பிவிடுவார். மரக்கிளையில் கம்பியை வீசிக் கட்டி, எங்கெங்கோ இருக்கிறவர்களை நலம் விசாரிப்பார். மனைவியும் கூடவே வருவாள், பிளாஸ்கில் டீயும் வாயில் கேலியுமாக.

"வீட்ல இருக்கறவகிட்ட நாலு வார்த்தை பேச நேரமில்ல. முகம் தெரியாதவங்களுக்கு ஒரு மணி நேரம் சௌக்கியமா, சௌக்கியமா."

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசி முடித்ததும் பெட்டியை உடனே அணைக்க மாட்டார். மெல்லிய குரல்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு நிமிடம் காத்திருக்கிறேன் என்று அறிவித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். கடையைச் சாத்திவிட்டு வாசலிலேயே நிற்கிற வியாபாரி என்பாள் மனைவி. போன வருடம் அப்படி ஒரு நிமிடத்தில்தான், இரைச்சலுக்கு நடுவே நூலிழை போல ஒரு பெண் குரல் வந்தது. தையல்காரர். முதுகெலும்பு அடிபட்டு நாலு வருடமாகப் படுக்கையில் இருக்கிறவர். ஜன்னலோரம் இழுத்துக் கட்டிய ஒயர்தான் அவருடைய ஏரியல். அதுவரை அவர் கூப்பிட்டு யாரும் பதில் சொன்னதில்லை. அன்று முதல் வாரம் தவறாமல் அந்த நிமிடத்துக்கு வருவார்; மழை பெய்ததா, தூங்கினீர்களா என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். மனைவி அவருக்கு நூலம்மா என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்த ஞாயிறு போனது ஒரு பழைய குவாரிக்கு மேலே இருந்த குன்று. பஸ்ஸை விட்டிறங்கி இவர்கள் நடைக்கு முக்கால் மணி நேர ஏற்றம். செல்போன் டவர் எட்டாது, மின்கம்பம் கிடையாது, ரேடியோவில் இரைச்சலே இருக்காது என்று அவர்தான் பெருமையாகத் தேர்ந்தெடுத்தார். முழங்கால் வலிக்குப் பயந்து சின்ன பேட்டரியைத்தான் எடுத்து வந்திருந்தார்.

கம்பியைக் கட்டிவிட்டுத் திரும்பியபோது மனைவி பாறையில் சாய்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குங்க," என்றாள். "கை இழுக்குது."

செல்போனைத் தூக்கிக்கொண்டு பாறை பாறையாக ஏறிப் பார்த்தார். ஒரு கோடுகூட விழவில்லை. தூக்கிக்கொண்டு இறங்க உடம்பில் தெம்பில்லை. ஓடிப்போய் ஆள் கூட்டி வரலாம் என்றால், அவர் திரும்பும்போது இங்கே யார் இருப்பார்கள்? அந்த நினைப்பே அவரைப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தது.

போட்டதும் ஒரே கூச்சல். அன்று போட்டி நாள். ஒரே நாளில் யார் அதிகம் பேரோடு தொடர்பு கொள்வது என்று உலகமே கத்திக்கொண்டிருந்தது. அவர் அதை மறந்தே போயிருந்தார். ஐந்தே வாட் சக்தியுள்ள பெட்டியை வைத்துக்கொண்டு அந்தச் சந்தையில், உரிமத்தோடு கிடைத்த தன் அடையாள எழுத்துகளைச் சொல்லி உதவி, உதவி என்றார். பெரிய நிலையக்காரர் ஒருவருக்கு இவருடைய அடையாள எழுத்துகள் மட்டும் அரைகுறையாகக் கேட்டன போலிருக்கிறது.

"ஐம்பத்தொன்பது. இருநூத்திப் பதினாலு. நன்றி."

ஐம்பத்தொன்பது என்றால் தெளிவாகக் கேட்கிறது என்று அர்த்தம்; அடுத்த எண், அன்று அவர் பிடித்த இருநூத்திப் பதினாலாவது ஆள் என்பதற்கு. போட்டியில் எல்லோருக்கும் வாய்ப்பாடு போல அதையேதான் சொல்வார்கள். அடுத்தவரும் ஐம்பத்தொன்பது என்றார். அதற்கடுத்தவரும். என் மனைவி சாகிறாள் என்று கதறினார். தெளிவாகக் கேட்கிறது, நன்றி என்று பதில் வந்தது. பேட்டரி விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது.

மனைவியின் கண்கள் செருகின. கன்னத்தைத் தட்டினார். கடவுளே, இவளை எடுத்துக்கொள்வதென்றால் என்னையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று வாய் முணுமுணுத்தது. மணி பத்து. வழக்கமாகக் கடையைச் சாத்துகிற நேரம். கை தானாக வழக்கமான இடத்துக்கு முள்ளைத் திருப்பியது. அங்கேயும் பக்கத்திலேயே ஒரு போட்டிக்காரர் முழங்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், வேறென்ன சொல்வதென்று தெரியாமல், இவர் சொன்னார்:

"மெல்லிய குரல்காரங்க யாராவது இருக்கீங்களா... ஒரு நிமிஷம்..."

இரைச்சல். பிறகு, நூலிழை.

"நான் இருக்கேன் அண்ணே. ஏன் குரல் நடுங்குது?"

சொன்னார். குவாரி பஸ் ஸ்டாப், மேலே ஏறும் தண்ணீர்த்தொட்டிப் பாதை, நெஞ்சு வலி. எல்லாவற்றையும் நூலம்மா ஒருமுறை திருப்பிச் சொன்னார். படுக்கையோரத்தில் இருந்த போனில் எண்களைத் தட்டும் சத்தம்கூடக் கேட்டது.

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. நீங்க இனிமே பேசாதீங்க, பேட்டரி வீணாகும். கேட்டா மட்டும் போதும். நான் பேசிட்டே இருக்கேன்."

நூலம்மா போனில் விசாரித்தபடி பேசிக்கொண்டே இருந்தார். வண்டி பாலம் தாண்டிவிட்டது, அக்காவைப் படுக்க வைக்காதீர்கள், சாய்த்து உட்கார வையுங்கள், உடுப்பைத் தளர்த்துங்கள். சொல்ல ஒன்றும் இல்லாதபோது தைத்த சட்டைகளைப் பற்றிச் சொன்னார். லிஃப்ட் வேலையில் இருந்தபோது, இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களிடம், மூடிய கதவுக்கு வெளியே நின்று இவரும் இப்படித்தான் பேசிக்கொண்டே இருப்பார். கதவைத் திறக்கும்வரை உள்ளே இருக்கிறவர்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பேச்சுதான்.

மனைவி லேசாகக் கண் திறந்தாள்.

"நூலம்மாகூட... இவ்வளவு பேச்சா?"

"வாயை மூடு," என்றார் அழுதபடி.

ஐம்பது நிமிடம் கழித்து ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்து, பட்டையால் கட்டித் தூக்கினார்கள். பெட்டி, கம்பி, பிளாஸ்க் எல்லாம் கிடந்தது கிடந்தபடி இருக்க, அவர் ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலு எட்டு போயிருப்பார்கள். மனைவியின் விரல் அவர் மணிக்கட்டைச் சுரண்டியது.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க. பாவம், காத்துட்டு இருக்கும்."

திரும்பி ஓடினார். பேட்டரி விளக்கு சிவந்து கிடந்தது. பாறையில் பெட்டி மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு சட்டையின் காலர் கதை. இடைவெளி வந்ததும் பொத்தானை அழுத்தினார்.

"வந்துட்டாங்கம்மா. உயிரோட இருக்கா."

ஒரு கணம் வெறும் இரைச்சல்.

"கேட்டுச்சு அண்ணே," என்றது நூல். "ஓடுங்க."